தம்பிக்கு டிரக் கோர்ட்: முழுசாக முடித்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கவலைக்கார_அக்கா

வணக்கம். தெரிந்தவர்களிடம் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே கேட்கிறேன்.

நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது. மூன்று மாதத்துக்கு முன் காரில் மாத்திரைகளோடு பிடிபட்டான். பெர்கோசெட் என்கிற வலி மாத்திரை என்று நம்பி வாங்கியிருக்கிறான், லேபில் பார்த்தால் ஃபென்டனில், அதைவிடப் பல மடங்கு வீரியமான ஓபியாய்டு. ஃபெலனி, அதாவது கடுமையான குற்ற வழக்கு. இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான்.

அவனுடைய வக்கீல் டிரக் கோர்ட்டில், அதாவது ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை கொடுக்கிற போதை வழக்குக் கோர்ட்டில், சேரலாம் என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், ஒன்றரை வருடம் சிகிச்சை, பரிசோதனை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதி முன்னால் நிற்பது. முடித்தால் வழக்கு தள்ளுபடி, முடிக்காவிட்டால் தண்டனை. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

என் பயம் இதுதான். இவன் எதையும் முடித்தவன் இல்லை. கல்லூரி பாதியில் நின்றது, வேலை மூன்று மாதம் தாண்டியதில்லை. முடித்தவர்கள் எப்படி முடித்தார்கள்? மனஉறுதி என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது எங்கள் வீட்டில் யாரிடமும் மிச்சமில்லை. அவனுக்கு இப்போது லைசென்ஸ் கிடையாது, நான்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சொந்தக்காரர்களிடம் அவன் வேறு ஊரில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் கிரீன் கார்டில் இருக்கிறோம், ஒருவேளை அது முக்கியமென்றால்.

நீலம்_2019

அக்கா, நான் முடித்தவன். ஒஹையோ. 2018 பிப்ரவரியில் உள்ளே போய் 2019 ஜூலையில் வெளியே வந்தேன், பதினேழு மாதம். தோள்பட்டை ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து உங்கள் தம்பி வாங்கிய அதே சரக்கில் வந்து நின்ற கதை. அதை விடுங்கள்.

என் பெயரில் இருக்கும் நீலம், அங்கே எனக்குக் கொடுத்த நிறம். தினமும் காலையில் ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். பதிவு செய்த குரல் ஒன்று அன்றைய நிறத்தைச் சொல்லும். நீலம் என்று வந்தால் மதியத்துக்குள் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும், ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் இரண்டு தடவையாவது வரும். ஞாயிறும் வரும், பண்டிகையும் வரும். போகாவிட்டால் பாசிட்டிவ் என்றே கணக்கு. பயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் 'டைல்யூட்' (நீர்த்துப்போனது) என்று வரும், எங்கள் கோர்ட்டில் அதுவும் பாசிட்டிவ்தான். முதல் மாதம் எனக்கு அப்படி இரண்டு வந்தது, இரண்டும் வெறும் தண்ணீரால்.

உங்கள் தம்பிக்கு லைசென்ஸ் இல்லை என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்த ஏழு பேரில் மூன்று பேர் முடிக்கவில்லை. அதில் ஒருவன் எங்கள் எல்லாரையும்விட ஒழுங்கானவன், ஒரு பாசிட்டிவ்கூட கிடையாது. அவனைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த மாமாவின் கார் ரிப்பேர் ஆனது. ஒரு குரூப் (கூட்டுச் சிகிச்சை) தவறியது, ஒரு டெஸ்ட் தவறியது, வெட்கத்தில் போனை எடுக்கவில்லை. அடுத்த விசாரணைக்கு வராததால் வாரன்ட். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது.

அதனால் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு தாளை எடுத்து வாரம் முழுவதையும் எழுதிப் பாருங்கள். ஆரம்பத்தில் எனக்கு வாரம் மூன்று நாள் காலை மூன்று மணி நேரம் குரூப், இரண்டு டெஸ்ட், ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அலுவலரிடம் ஒரு நாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோர்ட், இதெல்லாம் போக மீட்டிங்குகள். இதற்கு நடுவே வேலைக்கும் போக வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரு டயர் கிடங்கில் மாலை ஷிஃப்ட் கிடைத்ததால்தான் தப்பித்தேன். எந்த நாள் யார் கார் ஓட்டுவது, நீங்கள் வர முடியாத நாளில் யார், அந்த ஆளும் வராவிட்டால் யார், இந்த மூன்று பெயரும் தாளில் இருக்கட்டும்.

அப்புறம் பொய். இதை உங்கள் அம்மாவுக்காகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் அலாரம் கேட்காமல் தூங்கிவிட்டேன். நீலம் வந்திருந்தது. எழுந்தபோது மணி இரண்டு. என் அம்மா என்னிடம் கேட்காமலே ப்ரொபேஷன் அலுவலருக்குப் போன் செய்து, பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். பெற்ற மனம், தப்புச் சொல்ல முடியாது. அலுவலர் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கிடங்குக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

தூங்கிவிட்டேன் என்று நானே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் எட்டு மணி நேர சமூக சேவையோடு போயிருக்கும். அந்தக் காய்ச்சலை நானும் மறுக்காமல் நின்றதால் இரண்டு நாள் ஜெயில். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் நிஜமாகவே ஒருமுறை வழுக்கி விழுந்திருந்தேன். மறுநாள் காலையில் நிறம் என்னவென்று தெரிவதற்கு முன்பே கேஸ் மேனேஜரைக் கூப்பிட்டு, "நேற்று எடுத்துவிட்டேன்" என்று சொன்னேன். ஜெயில் இல்லை. குரூப் நாட்களை அதிகமாக்கினார்கள், நீதிபதி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார், அன்று நடந்ததை மணி வாரியாக. எடுத்ததற்கு ஒரு பக்கம் எழுத்து, எடுக்காத நாளில் சொன்ன பொய்க்கு ஜெயில். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது.

மானம் மரியாதை என்று மூடி வைப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். அந்தத் திறமைக்கு இங்கே இடமே இல்லை. ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். ஆனால் சொந்தத்தில் ஒரு ஆளுக்காவது முழு உண்மையும் தெரிய வேண்டும், நள்ளிரவில் கார் தேவைப்பட்டால் கூப்பிடுகிற மாதிரி. எங்களுக்கு அது பெரியப்பா. தெரிந்ததும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அடுத்த நாளிலிருந்து வியாழக்கிழமை குரூப்புக்கு அவர்தான் டிரைவர்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் 'பாப்பி சீட்' சாப்பிடக்கூடாது என்று எழுதியிருந்தது. பேகல் மேலே தூவுகிற சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். பாப்பி சீட் என்றால் கசகசா! அம்மா வைக்கிற குருமாவில் தேங்காயோடு அரைத்து விடுகிற அதே கசகசா. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் டெஸ்டில் வரும். எனக்கு வந்தது. தாளில் எழுதியிருப்பதால் குருமாவைக் காரணம் காட்டியும் பயனில்லை, எண்ண ஆரம்பித்த சுத்தமான நாட்கள் பூஜ்யத்துக்குப் போயின. அதேபோல் தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்களில் ஆல்கஹால் இருக்கிறது. வாய் கொப்பளிக்கிற மருந்து, சில இருமல் சிரப், எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துப் படியுங்கள். ஆல்கஹாலுக்கு அவர்கள் செய்கிற ஒருவகை டெஸ்ட், குடித்து இரண்டு மூன்று நாள் ஆனாலும் காட்டிக்கொடுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாக இருந்தாலும் முதல் மாத்திரையை விழுங்கும் முன் கேஸ் மேனேஜருக்குத் தெரிய வேண்டும்.

நீதிபதியைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன். முதல் நாள் என் பெயரைக் கொலை செய்தார். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார், யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு நிமிடம்தான். "ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாயே, கொடுத்தார்களா?" என்று கேட்பார். போன தடவை சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கும். எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்று பிறகு தெரிந்தது, அதனால் என்ன, என்னைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ள அந்த வருடம் வேறு யாரும் இல்லை. ஒழுங்காக இருந்த வாரங்களில் ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் "சபாஷ்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை, எப்போதாவது ஐந்து டாலர் பெட்ரோல் கார்டு. 26 வயதில் அந்தச் சீட்டுக்குக் கை நடுங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோர்ட் நாளில் உங்கள் தம்பி ஒரு வாக்கியமாவது தயார் செய்துகொண்டு போகட்டும். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பது வாக்கியம் இல்லை.

கடைசியாக ஒன்று. முதல் மூன்று மாதத்தைப் பயமே ஓட்டிவிடும். ஏழு, எட்டாவது மாதத்தில் பயம் போய்விடும், சலிப்பு வரும், நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். கட்டுப்பாடுகளையும் அந்த நேரத்தில்தான் தளர்த்துவார்கள். நான் பழைய நம்பர் ஒன்றைத் தேடி எடுத்தது அந்த மாதத்தில்தான், கூப்பிடவில்லை, ஆனால் எடுத்தேன். அப்போது கவனமாக இருங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்

நான் ஒரு சிகிச்சை மையத்தில் கவுன்சிலர். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் டிரக் கோர்ட் அனுப்பியவர்கள். நீலம் தம்பி சொன்னதில் நான் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை, கொஞ்சம் சேர்க்கிறேன்.

1989-ல் மயாமியில் முதல் டிரக் கோர்ட் ஆரம்பித்ததிலிருந்து இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-ல் 23 டிரக் கோர்ட்களை எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு ஒன்று வந்தது. நீதிபதி தன்னை மரியாதையாகவும் நியாயமாகவும் நடத்துகிறார் என்று நினைத்தவர்களிடம் போதையும் குறைந்திருந்தது, குற்றமும் குறைந்திருந்தது. ஒருவருக்குக் குறைந்தது மூன்று நிமிடமாவது நீதிபதி ஒதுக்க வேண்டும் என்பது இப்போது இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிற கணக்கு. அதனால் சேரும் முன் ஒருநாள் அந்தக் கோர்ட்டுக்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள் தங்கச்சி, பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆளுக்கு அரை நிமிடம் என்று தள்ளிவிடுகிறாரா, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மருந்து. ஃபென்டனில் பழக்கத்துக்கு பியூப்ரினார்ஃபின், மெதடோன் இரண்டும் உயிர் காக்கிற மருந்துகள். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று வீட்டிலும் சொல்வார்கள், சில கோர்ட்களிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வந்த ஒரு பையனை, டிரக் கோர்ட்டை முடித்துப் பட்டம் வாங்கும் முன் மருந்தை நிறுத்து என்று நெருக்கினார்கள். நிறுத்தினான், ஆறு வாரத்தில் ஐசியூவில் இருந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த இந்த மருந்தை எடுப்பவரை அதற்காகவே ஒதுக்கினால் அது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவதாகும் என்று அமெரிக்க நீதித்துறை 2022 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. யாராவது நிறுத்தச் சொன்னால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். அளவு மீறி எடுத்து மூச்சு நின்றால் மீட்கிற நலோக்சோன் ஸ்ப்ரே டாக்டர் சீட்டில்லாமல் கடையிலேயே கிடைக்கும், வீட்டில் வாங்கி வையுங்கள். கொஞ்ச நாள் நிறுத்தியிருந்து பழைய அளவையே எடுக்கும்போதுதான் உயிர் போகிறது.

இன்னொன்று, சிகிச்சையில் இருப்பவரைப் பற்றி அவர் எழுதிக் கொடுக்காமல் எங்களால் குடும்பத்திடம் ஒரு வார்த்தை பேச முடியாது. மத்திய அரசு விதி. அம்மாக்கள் போனில் அழுவார்கள், இந்தப் பக்கம் நாங்கள் "அப்படி ஒருவர் இருப்பதையோ இல்லாததையோ சொல்ல முடியாது" என்று கல் மாதிரி பேசுவோம். முதல் நாளே உங்கள் பெயரையும் சேர்த்து ஒப்புதலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

என்ஏ (நார்கோட்டிக்ஸ் அனானிமஸ், போதையை விட்டவர்கள் கூடுகிற கூட்டம்) மீட்டிங்கில் கடவுள் பேச்சு வருகிறது என்று சில பையன்கள் போக மறுப்பார்கள். மதம் சார்ந்த கூட்டத்துக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகள் தீர்ப்பளித்திருக்கின்றன. மாற்று கேட்கலாம். கேட்காமல் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

பதினோராவது_மாதம்

நான் முடிக்காதவன். அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே.

பதினோராவது மாதம் என்னை வெளியே அனுப்பினார்கள். நான் முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் அப்புறம் விசாரணை, வாதம் எதுவும் இல்லை. நேரே தண்டனை. பதினோரு மாதம் ஓடியதற்குக் கழிவும் கிடைக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட அன்று இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை, நான்தான் காதில் வாங்கவில்லை.

அதைவிட முக்கியம், உங்கள் தம்பி நிஜமாகவே அடிமையா, அல்லது வார இறுதியில் எடுக்கிற பையனா? இந்தக் கோர்ட் பழக்கம் முற்றிப்போனவர்களுக்காக, இன்னொரு வழக்கில் மாட்டக்கூடியவர்களுக்காகச் செய்தது. லேசான பழக்கம் உள்ளவனை அதில் போட்டால் அவனுக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் அதிகம், முற்றிப்போனவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும். மதிப்பீடு செய்தார்களா, அதில் என்ன வந்தது என்று கேளுங்கள். எனக்கு இந்தக் கோர்ட் தேவைப்பட்டது, அதனால் அதைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தங்க இடம் இல்லை. மூன்று சோஃபா மாறினேன், அதில் இரண்டு வீட்டில் சரக்கு இருந்தது. உங்கள் தம்பிக்கு வீடு இருக்கிறது.

பச்சை_அட்டை

எல்லாரும் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் கேள்வியின் கடைசி வரியை யாரும் தொடவில்லை. நீலம் அமெரிக்கக் குடிமகன் என்று நினைக்கிறேன். இந்தப் பையன் கிரீன் கார்ட்.

அம்மா, இன்னும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "முடித்தால் வழக்கு தள்ளுபடி" என்பது டெக்சஸின் கணக்கு. குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதோடு ஏதாவது ஒரு கட்டுப்பாட்டையும் நீதிபதி விதித்துவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அது தண்டனைதான். பிறகு மாநிலக் கோர்ட் தள்ளுபடி செய்தாலும், பட்டம் கொடுத்துக் கைதட்டினாலும் மாறாது. போதைப்பொருள் வழக்கில் அப்படி ஒன்று இருந்தால் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்குத்தான் விலக்கு. ஃபென்டனிலுக்கு இல்லை.

2010-ல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாடு கடத்தப்படும் ஆபத்தை வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் வக்கீலிடம் நேராகவே கேளுங்கள்: "இவன் குடிமகன் இல்லை, இந்த ஒப்புதலால் குடியேற்றத்தில் என்ன ஆகும்?" ஒப்புக்கொள்ளாமலே சேர்கிற ஏற்பாடு சில இடங்களில் உண்டு, அது முடியுமா என்றும் கேளுங்கள். குற்ற வழக்கும் குடியேற்றமும் இரண்டும் தெரிந்த வக்கீலை இந்தப் பத்து நாளைக்குள் பாருங்கள். அதுவரை பையன் ஊருக்குப் போகிறேன், பாட்டியைப் பார்க்கிறேன் என்று விமானம் ஏறக் கூடாது. ஜாமீன் ஒருபுறம், திரும்பி வரும்போது எல்லையில் கேட்கிற கேள்வி இன்னொருபுறம்.

நீலம்_2019

பச்சை_அட்டை சொன்னதுதான் முதலில். நான் எழுதியதெல்லாம் அதற்கு அப்புறம். ஆமாம், எனக்குப் பதினான்கு வயதில் அப்பா குடிமகன் ஆனார், அதோடு நானும் ஆனேன். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது.

கவலைக்கார_அக்கா

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாப் பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் கதை வந்தபோது எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். கசகசா வந்தபோது மட்டும் உள்ளே இருந்து "அதிலுமா?" என்று குரல் வந்தது.

வக்கீலுக்குப் போன் செய்தேன். கிரீன் கார்ட் விஷயம் அவருடைய ஃபைலில் இல்லை! இங்கேயே பிறந்தவன் என்று நினைத்திருக்கிறார். பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் அவகாசம் கேட்கிறேன் என்றார். வியாழக்கிழமை குடியேற்ற வக்கீலைப் பார்க்கிறோம், தம்பியும் வருகிறான். மதிப்பீட்டையும் கேட்டேன், அவனுடையது முற்றியது என்றுதான் வந்திருக்கிறதாம். தெரிந்ததுதான், இருந்தாலும் தாளில் கேட்கும்போது வலித்தது.

ஒரே ஒரு சின்னக் கேள்வி நீலம். அந்தக் காலை போன், நிறம் கேட்பது. இவன் பத்து மணிக்குத்தான் எழுவான். அவனுக்குப் பதில் நானே தினமும் கூப்பிட்டு நிறத்தைக் கேட்டுச் சொல்லிவிடலாமா?

நீலம்_2019

எங்கள் கோர்ட்டில் அவனவன் நம்பரை அழுத்தித்தான் கேட்க வேண்டும், யார் கூப்பிட்டது என்று பதிவாகும், ஆனால் குரலைச் சரிபார்க்க மாட்டார்கள். செய்ய முடியும். என் அம்மா இரண்டு வாரம் செய்தார், மூன்றாவது வாரம் அவருக்கு உடம்பு முடியாமல் போன அன்று நான் டெஸ்டைத் தவறவிட்டேன்.

நீங்கள் ஆறு மணிக்கு லைட்டைப் போடுங்கள் அக்கா. போனை அவன் கையில் கொடுங்கள். வியாழக்கிழமை வக்கீல் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.